மருந்தோடு தராசும் வேண்டும்

மனநோய்க்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, அந்த மருந்து நோயாளியின் உடம்பை என்ன செய்கிறது என்று பார்க்காமல் விடுவது பாதி வைத்தியம். மீதிப் பாதியையும் செய்து முடிக்கும் பொறுப்பு மருந்து கொடுத்தவர்களுக்கே உண்டு. மலையகத்து நோயாளிகளுக்காக நாம் கேட்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. மனநலக் கிளினிக்குக்கு வரும் ஒவ்வொருவரையும் முதல் நாளிலிருந்தே நிறுத்துப் பாருங்கள். இடுப்பை அளந்து பாருங்கள். இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பாருங்கள். எடை ஏறத் தொடங்கினால், "சாப்பாட்டைக் குறை" என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பாமல் அதற்கும் வைத்தியம் செய்யுங்கள்.

பட்டிப்பொலவை எடுத்துக்கொள்வோம். இலங்கையின் மிக உயரமான ரயில் நிலையம் இருக்கும் ஊர். ஹோட்டன் சமவெளிக்குப் போகிறவர்கள் நிலையத்தின் பெயர்ப்பலகை முன் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஊரிலேயே இருப்பவர் மனநல வைத்தியரைப் பார்க்க வேண்டுமானால் மலையிறங்கி நுவரெலியா போன்ற ஒரு நகரத்துப் பெரிய வைத்தியசாலைக்குப் போயாக வேண்டும். அன்றைக்குப் பேர் விழாது, கூலி இல்லை. துணைக்கு ஒருவர் போனால் இரண்டு பேரின் நாட்கூலியும் போச்சு. விடியக் காலையில் புறப்பட்டு, வரிசையில் காத்திருந்து, வைத்தியர் முன் உட்காரக் கிடைப்பது சில நிமிடம். "சத்தம் கேக்குதா? ராவுல தூக்கம் வருதா?" என்று கேட்பதற்கே அந்த நேரம் சரியாகிவிடும். பசி எப்படி இருக்கிறது என்று கேட்க முறை வருவது அபூர்வம்.

ஆனால் அந்த நோயாளியின் வீட்டில் பெரிய பிரச்சினையே அந்தப் பசிதான். ஒலன்சபின், குளோசபின் ஆகிய மனநோய் மருந்துகள் மூளையில் பசியையும் திருப்தியையும் ஆளும் ஹிஸ்டமின், செரட்டோனின் ஏற்பிகளை அடைத்துவிடுகின்றன. வயிறு நிறைந்தாலும் நிறைந்தது தெரியாது. சாப்பிட்டுக் கை கழுவிய அரை மணியில் மறுபடி பசிக்கும். நடுச்சாமத்தில் எழுந்து பானையைத் திறக்க வைக்கும். குவெற்றியபின், றிஸ்பெரிடோன் இரண்டிலும் இது கொஞ்சம் குறைவு. வல்ப்ரோயேற், லித்தியம், மிர்ற்றசபின் ஆகியவையும் எடையைக் கூட்டக்கூடியவை. ஹலோபெரிடோல், அரிப்பிப்பிரசோல் எடுப்பவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அமெரிக்காவில் நடந்து 2005 இல் வெளியான கேற்றி ஆய்வில், ஒலன்சபின் எடுத்தவர்களில் 30 சதவீதமானோருக்கு உடல் எடை 7 சதவீதமோ அதற்கு மேலோ ஏறியிருந்தது. பசியை உண்டாக்கியது மாத்திரை. வாயைக் கட்டத் தெரியாதவர் என்று நோயாளியை ஏசுவது அநியாயம்.

பார்ப்பவர்களுக்கு இது ஒரு கேடாகவே படுவதில்லை என்பதுதான் மலையகத்தின் நிலை. தலைமுறை தலைமுறையாகப் பசியைக் கண்ட சமூகத்தில் சதை பிடித்த உடம்பு நல்ல சகுனம். 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதமானோர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள்; நாட்டின் சராசரி 17.3 சதவீதம். இப்படிப்பட்ட இடத்தில், மாதக்கணக்காகச் சாப்பிடாமல் காம்பராவின் மூலையில் சுருண்டு கிடந்த மகள், மருந்து தொடங்கியதும் தட்டை நீட்டி இன்னொரு ரொட்டி கேட்டால் எந்தத் தாய்தான் பூரிக்க மாட்டாள்? "புள்ள உடம்பு தேறிட்டா" என்று லயமே சொல்லும். ஆரம்பத்தில் அது உண்மையும்கூட.

அதற்குப் பிறகும் எடை ஏறிக்கொண்டே போகும்போதுதான் பேச்சு திரும்புகிறது. கல்யாணமாகாத பெண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம். றிஸ்பெரிடோன் போன்ற மருந்துகள் புரொலாக்டின் என்ற ஹோர்மோனைக் கூட்டி மாதவிடாயையே நிறுத்திவிடக்கூடியவை. வயிறு தள்ளி, மாதக்குளியலும் நின்றுபோன பெண்ணைப் பற்றிப் பீலிக்கரையில் என்ன பேசுவார்கள் என்று தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அவள் யாருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறாள். சில மாதத்தில் நோய் திரும்புகிறது, முன்பைவிடக் கடுமையாக. "ஒழுங்கா மருந்து குடிச்சிருந்தா இப்படி வருமா?" என்று அதற்கும் அவளையே திட்டுகிறோம். ஏன் நிறுத்தினாய் என்று அன்போடு ஒரு கேள்வி யாரும் கேட்பதில்லை.

எடை பார்த்தாலும் தவறவிடக்கூடிய ஆபத்து ஒன்று உண்டு. 150 சென்ரிமீற்றர் உயரமும் 42 கிலோ எடையும் உள்ள ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். மருந்து தொடங்கிய பின் அவருக்கு 10 கிலோ ஏறுகிறது. இப்போது 52 கிலோ. உடற்திணிவுச் சுட்டியைக் கணக்கிட்டால் 23 அளவில்தான் வரும். 25 ஐத் தாண்டவில்லையே, சாதாரண எடைதானே என்று கொப்பியை மூடி வைத்துவிடலாம். ஆனால் அந்தப் பெண் தன் பழைய உடம்பில் கிட்டத்தட்ட கால்பங்கைப் புதிதாகச் சுமக்கிறார். அதில் பெரும்பகுதி கொழுப்பு. ஆசிய மக்களுக்கு 23 இலிருந்தே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004 இலேயே சொல்லிவிட்டது. மெலிந்து பிறந்து, மெலிந்தே வளர்ந்து, பிறகு சடுதியாகச் சதை போடும் உடம்புகளுக்குச் சீனி வருத்தம் இலேசில் வரும் என்பதை இங்கிலாந்தில் டேவிட் பார்க்கரும் புனேயில் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் நீண்ட கால ஆய்வுகளால் காட்டியிருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் உடம்பு அப்படிப்பட்ட உடம்பு.

ஆகவே இங்கே பார்க்க வேண்டியது ஏற்றத்தை. தொடக்க எடையில் 7 சதவீதம் ஏறினால் அது மருத்துவக் கணக்கில் பொருட்படுத்த வேண்டிய மாற்றம். 42 கிலோப் பெண்ணுக்கு அது வெறும் 3 கிலோ. முதல் நாள் நிறுக்காவிட்டால் அந்த 3 கிலோவை எவராலும் கண்டுபிடிக்க முடியாது. பெண்களுக்கு 80, ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரைத் தாண்டும் இடுப்பும் எச்சரிக்கைதான். அதை அளக்கத் தையல்காரரின் நாடா போதும்.

இந்த ஏற்றம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் தெரிந்த விடயம். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். தற்கொலையும் அதில் உண்டு. ஆனால் பெரும்பகுதி மாரடைப்பு, பக்கவாதம், சீனி வருத்தம் போன்ற உடல்நோய்களால் வரும் மரணம். நம் நாட்டில் இவற்றை முன்கூட்டியே கண்டறிய ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்கள் இருக்கின்றன. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அவை முதன்மையாக 35 வயதைத் தாண்டியவர்களை நோக்கியவை. மனச்சிதைவு நோய் பெரும்பாலும் பிடிப்பது இருபதுகளில். 22 வயதில் ஒலன்சபின் தொடங்கும் இளைஞனை அங்கே யார் எதிர்பார்த்துக் காத்திருக்கிறார்கள்?

"சாப்பாட்டைக் குறை" என்ற அறிவுரைக்கு வருவோம். எந்தச் சாப்பாட்டை? லயத்தில் காலையில் கோதுமை மா ரொட்டியும் சம்பலும். பகலுக்கும் பெரும்பாலும் அதுவே. இரவில் சோறும் ஒரு கறியும். வயிற்றை மலிவாக நிரப்பக் கிடைப்பது மாதான், அதனால் பசி கூடினால் ரொட்டிதான் கூடும். இந்த மருந்துகளில் பலவற்றால் வாய் காயும், மலையிலோ குளிரோ குளிர், எனவே தேத்தண்ணி. கோப்பைக்கு இரண்டு கரண்டி சீனி என்று வைத்தாலும் ஆறு கோப்பைக்குப் பன்னிரண்டு கரண்டி, ஏறத்தாழ 50 கிராம். ஒரு நாளைக்கு வளர்ந்த ஒருவர் தாண்டக்கூடாத எல்லை கிட்டத்தட்ட அவ்வளவுதான். தேத்தண்ணியிலேயே அது முடிந்துவிடுகிறது. மருந்து எடுப்பவர் வீட்டில் முதலில் மாற்ற வேண்டியது இதைத்தான். சீனி இல்லாத சாயத்தண்ணிக்குச் சில நாளில் நாக்கு பழகிவிடும். வீட்டில் மற்றவர்களும் கூடக் குடித்தால் இன்னும் சீக்கிரம் பழகும்.

பட்டிப்பொல மண்ணில் கரட்டும் லீக்சும் கோவாவும் முள்ளங்கியும் விளைகின்றன. மூடை மூடையாக லொறி ஏறிக் கீழே போகின்றன. அவற்றில் கொஞ்சம் ரொட்டி மாவுக்குள் போகட்டும். துருவிய கரட்டும் நறுக்கிய கீரையும் சேர்த்துப் பிசைந்தால் மா குறையும், வயிறும் தாங்கும். பருப்பு, கடலை, முடிந்த நாளில் ஒரு முட்டை பசியை அதிக நேரம் அடக்கும். இரண்டாவது முறை பரிமாறும் முன் இருபது நிமிடம் பொறுத்துப் பார்ப்பதும் பலன் தரும். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். மருந்து கிளப்பும் பசியைப் புத்திமதியால் மட்டும் அடக்க முடியாது.

இன்னொன்று வேலை. மலைச்சரிவில் கூடையோடு ஏறி இறங்கிய உடம்பு, நோய் வந்ததும் வீட்டோடு முடங்கிவிடுகிறது. மருந்தின் மயக்கத்தில் காலையில் எழும்ப முடியாமல், வேலைக்கு ஆளெடுக்கும் பெரட்டுக்கு நோயாளி பிந்துகிறார். பிந்தினால் வேலை இல்லை. மருந்தை இரவு வேளைக்கு மாற்ற முடியுமா என்று வைத்தியரிடம் கேட்டுப் பார்க்கலாம், பல மருந்துகளில் முடியும். தோட்ட நிர்வாகம் அவருக்குச் சில மாதம் இலகுவான வேலை கொடுத்து மீண்டும் வரிசைக்குள் எடுத்துக்கொண்டால், எந்த உடற்பயிற்சி வகுப்பும் அதற்கு ஈடாகாது.

கைக்கெட்டிய மருந்தும் இருக்கிறது. சீனி வருத்தத்துக்கு அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசமாகக் கொடுக்கும் மெட்போர்மின்தான் அது. சீனாவில் 128 நோயாளிகளிடம் நடத்தி 2008 இல் வெளியிட்ட ஆய்வில், மெட்போர்மினோடு உணவு, நடைப்பயிற்சி வழிகாட்டலும் பெற்றவர்களுக்கு 12 வாரத்தில் சராசரியாக 4.7 கிலோ குறைந்தது. வெற்று மாத்திரை மட்டும் பெற்றவர்களுக்கு 3.1 கிலோ ஏறியது. சீனாவில் நடந்தது நமக்கு ஒத்துவருமா என்று கேட்கத் தேவையில்லை. கொழும்பில் வருணி டி சில்வா, ரவீன் ஹன்வெல்ல ஆகியோரின் குழு இலங்கை நோயாளிகளிடமே இதைச் சோதித்து 2015 இல் முடிவை வெளியிட்டது. மெட்போர்மின் பெற்றவர்களின் எடை இறங்கியது, வெற்று மாத்திரை பெற்றவர்களின் எடை ஏறியது. இறக்கம் பெரிதல்லதான். அதனால்தான் ஏறி முடிந்த பிறகு இறக்கப் போராடுவதைவிட, ஏறத் தொடங்கும்போதே மருந்து கொடுக்க வேண்டும் என்கிறோம். சிறுநீரகத்தைச் சோதித்து, சிறிய அளவில் தொடங்க வேண்டிய மருந்து இது. பக்கத்து வீட்டு அம்மாவின் மாத்திரையை வாங்கிப் போடுவதற்கில்லை.

நோய் முற்றிக் கிடப்பவருக்கு முதலில் மனதைத் தெளியவைக்க வேண்டாமா, எடையைப் பிறகு பார்க்கலாமே என்று சில வைத்தியர்கள் சொல்லக்கூடும். மனம் தெளிவது முதல் என்பதில் நமக்கு மறுப்பில்லை. குளோசபின் தேவைப்படுகிற நோயாளிக்கு அதைக் கொடுக்கத்தான் வேண்டும். பலருக்கு அது வாழ்க்கையை மீட்டுத் தந்த மருந்து. ஆனால் நிறுப்பதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது, அதை வைத்தியரே செய்ய வேண்டும் என்பதும் இல்லை. மருந்து தொடங்கி 4, 8, 12 ஆவது வாரங்களில் எடை, அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தொடக்கத்திலும் 12 ஆவது வாரத்திலும் சீனியும் கொழுப்பும் என்று அமெரிக்க வைத்தியச் சங்கங்கள் 2004 இல் ஒரு அட்டவணை வகுத்தன. அதை வகுத்த நாட்டிலேயே ஒழுங்காகப் பின்பற்றவில்லை என்பது பிறகு தெரியவந்தது. காகிதத்தில் விதி இருந்தால் போதாது என்பதற்கு அதுவே சாட்சி.

நம்மிடம் ஆள் இல்லை, வசதி இல்லை என்றும் சொல்ல முடியாது. தோட்டங்களில் பிள்ளைகளை மாதந்தோறும் நிறுத்துப் புத்தகத்தில் புள்ளி வைக்கும் குடும்பநல உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். தோட்ட டிஸ்பென்சரிகளில் வைத்திய உதவியாளர்கள் இருக்கிறார்கள். மலைக்கே தராசைத் தூக்கி வந்து, ஒரு கிலோக் கொழுந்துகூடக் கணக்குத் தப்பாமல் நிறுத்து எழுதும் ஏற்பாட்டை நூறாண்டுக்கு மேலாக இந்தத் தோட்டங்கள் நடத்திவருகின்றன. அந்தக் கொழுந்தைப் பறித்தவரின் உடம்பை மாதம் ஒருமுறை நிறுக்க முடியாதா? பட்டிப்பொலவில் இருப்பவர் எடை பார்க்க நுவரெலியா போக வேண்டியதில்லை. தோட்டத்தில் நிறுத்து, கிளினிக் கொப்பியில் எழுதி, ஏற்றம் 7 சதவீதத்தை எட்டினால் அடுத்த தவணை வரை காத்திராமல் அனுப்பிவைக்கும் முறையைச் சுகாதார அமைச்சும் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமும் சேர்ந்து உருவாக்க வேண்டும். பசி கூடும், எடை ஏறும், மாதவிடாய் தவறலாம், சொன்னால் மருந்தை மாற்றலாம் என்பதை முதல் நாளே நோயாளிக்கு விளங்கும் தமிழில் சொல்ல ஒருவர் கிளினிக்கில் இருக்க வேண்டும். சம்பளத்துக்காக மேசையில் உட்காரும் தொழிற்சங்கங்கள், கிளினிக் நாளுக்குச் சம்பளத்தோடு லீவு என்பதையும் கோரிக்கையில் சேர்க்கட்டும்.

மருந்து எடுப்பவர்களுக்கும் அவர்களின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. எடை ஏறுகிறது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். இன்றே எங்காவது ஒரு தராசில் ஏறி, எடையையும் திகதியையும் கிளினிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள். அடுத்த முறை வைத்தியர் கேட்காவிட்டாலும் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டி, "இந்த மருந்து குடிச்சதிலிருந்து இவ்வளவு ஏறியிருக்கு, என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை. தவணைக்கு இன்னும் நாள் இருந்து, அதுவரை தாங்காது என்று தோன்றினால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவோ பகலோ அழைக்கலாம்.