வன்கொடுமை வழக்குகளை எண்ணக் கற்போம்

டேட்டா அனலிட்டிக்ஸ் படித்தால் வேலை கிடைக்கும் என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். விடியும் முன் ஜீப்பில் ஏறி, குமுளிக்கும் போடிமெட்டுக்கும் அப்பால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், சென்னையிலோ பெங்களூருவிலோ நல்ல சம்பளம் வாங்கட்டும். நமக்கு மகிழ்ச்சிதான். ஆனால் தோழர்களே, அதே படிப்புக்கு நம் ஊரிலேயே ஒரு வேலை காத்திருக்கிறது. வன்கொடுமை வழக்குகள் எந்த இடத்தில் சாகடிக்கப்படுகின்றன என்று கண்டுபிடிக்கும் வேலை அது.

1989இல் போடியில் சாதிக் கலவரம் நடந்தது. அதே ஆண்டில்தான் நாடாளுமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அந்தச் சட்டமும் விதிகளும் நாள் குறித்தே எழுதப்பட்டவை. டி.எஸ்.பி. நிலை அதிகாரி 60 நாட்களில் விசாரித்துக் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய வேண்டும். ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும். இந்த நாட்களை யார் எண்ணுகிறார்கள்? நாம் எண்ணாவிட்டால் யாரும் எண்ணப்போவதில்லை.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். அதில் வரும் தண்டனை விகிதம், விசாரணை முடிந்த வழக்குகளை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுகிறது. 100 வழக்குகளில் 10 மட்டும் முடிந்து, அதில் 4இல் தண்டனை கிடைத்தால் விகிதம் 40 சதவீதம். தேங்கிக் கிடக்கும் 90 வழக்குகள் அந்த எண்ணில் தெரியாது. காவல் நிலையத்திலேயே ‘மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்’ என்று மூடப்பட்டவையும் தெரியாது. எண்ணைப் படிக்கத் தெரியாதவரிடம் 40 சதவீதம் என்று சொல்லி வாயை அடைத்துவிடலாம்.

எண்கள் நமக்கு எதிராகவும் திரும்பும். பிரமலைக் கள்ளர் மக்களைக் குற்றப் பரம்பரை என்று பட்டியலிட்டுக் கைரேகை எடுத்தது ஆங்கிலேய அரசு. அதை எதிர்த்தவர்கள் மீது 1920இல் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 2011 கணக்கெடுப்பின்படி இந்திய மக்கள்தொகையில் பட்டியல் சாதியினர் 16.6 சதவீதம், விசாரணைக் கைதிகளிலோ ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். பழைய எஃப்.ஐ.ஆர்.களைக் கொடுத்து ஒரு மென்பொருளைப் பழக்கினால், அவற்றில் படிந்திருக்கும் சாதியையும் சேர்த்தே அது பழகும். அந்த மென்பொருளை எழுதும் இடத்திலும், அதைக் கேள்வி கேட்கும் இடத்திலும் நம்மவர்கள் இருக்க வேண்டும்.

வழிகள் இருக்கின்றன. தேனியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் துறை இருக்கிறது. புள்ளியியல், கணிதம் படித்தவர்களுக்கு டி.என்.பி.எஸ்.சி. மூலம் புள்ளியியல் பணிகளுக்கான தேர்வும், புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்தவர்களுக்கு யு.பி.எஸ்.சி.யின் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வும் உண்டு. சட்டம் படித்து, குற்றவியல் நீதிமன்றங்களில் ஐந்தாண்டு வழக்காடியவர்கள் அரசு உதவி வழக்குரைஞர் தேர்வு எழுதலாம். நிரலாக்கமும் புள்ளியியலும் ‘ஸ்வயம்’ தளத்தில் கட்டணமில்லாமல் கற்கலாம்.

பட்டம் வாங்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் என்று ஆளுக்கொரு காவல் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். எத்தனை வன்கொடுமை வழக்குகள் பதிவாயின, எத்தனை நாளில் குற்றப்பத்திரிகை போனது, எத்தனை மூடப்பட்டன, இழப்பீடு எப்போது கிடைத்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்போம். நீதிமன்ற நிலவரத்தை இ-கோர்ட்ஸ் தளத்தில் பார்ப்போம். பாதிக்கப்பட்டவர்களின் பெயரை மட்டும் எங்கும் எழுத வேண்டாம். வந்த பதில்களை ஒரு எக்செல் அட்டவணையில் அடுக்கினால், அடுத்த கண்காணிப்புக் குழுக் கூட்டத்தில் ஆட்சியர் முன் வைக்க ஆதாரம் தயார்.

பாபாசாகேப் பொருளியலில் முனைவர், பாரிஸ்டரும்கூட. கணக்கையும் சட்டத்தையும் அவர் சேர்த்தே கற்றார். நாமும் சேர்த்தே கற்போம்.

ஜெய் பீம்.