போல்ட் மூடினால் தோட்டா சரியா?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வேட்டையிலும் இலக்குப் பார்த்துச் சுடும் பந்தயங்களிலும் ஈடுபாடு கொண்டவர்களிற் பலர், சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீசி எறிந்துவிடாமல் சேகரித்துவைத்து, வீட்டுப் பட்டறையிலேயே அதை நெரித்துப் பழைய வடிவுக்குக் கொண்டுவந்து, புதிய பிரைமரும் மருந்தும் குண்டும் இட்டு மீண்டும் தோட்டாவாக்கிக்கொள்வது, பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே சட்டத்துக்கு உட்பட்டு நடந்துவரும் வழக்கம். பிலிப் ஷார்ப் என்பவர் 1937-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் முதலாக, சாஸ்திரம் என்றே சொல்லத்தக்க நூல்வரிசை ஒன்றும் இந்தக் கலைக்கென அங்கே உண்டு. அந்தச் சாஸ்திரம் விதிக்கும் கிரியைகளில் ஒன்று, சுடுந்தோறும் சிறிது சிறிதாக நீண்டுபோகும் ரைபிள் கூட்டின் வாயை ஒரு சிறு கடைசற் கருவியால் சீவி, உரிய நீளத்துக்குக் குறைப்பது. மேற்பார்வைக்கு அற்பமாகத் தோன்றும் இந்த வேலையை அடியோடு அலட்சியம் செய்யச் சொல்லும் ஒரு வாசகம், சுடுதளங்களிலும், துப்பாக்கிக் கடைகளின் முகப்பிலும், சொல்லவே கூடாத இடமாகிய பயிற்சி வகுப்புகளிலுங்கூட, பல்லாண்டுகளாக உலவிவருகிறது. "போல்ட் மூடினால் தோட்டா சரி" என்பதே அது. தோட்டா துப்பாக்கியின் அறைக்குள் புகுந்து, அறையின் பின்வாயை அடைக்கும் போல்டின் கைப்பிடியும் கீழே இறங்கிவிட்டால், நீளத்தை அளப்பதும் சீவுவதும் வீண்வேலை என்பது அதன் தாத்பரியம்.

இந்த வாசகத்தை நான் நெடுங்காலமாகக் கேட்டுவருகிறேன். முதன்முதலாகக் கூடு நெரிக்கும் பிரஸ்ஸின் கைப்பிடியைத் தொடும் இளைஞர்கள் கூடியிருந்த வகுப்பொன்றில், ஆசிரியர் ஸ்தானத்தில் நின்ற ஒருவர், மேசைமேல் இருந்த அளவுகருவியை ஒதுக்கிவைத்துவிட்டு, இதையே ஒரு மகாவாக்கியம் போலச் சொல்லி முடித்ததையும், மாணவர்கள் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதையும் கண்ட பிறகு, இதற்கு மறுப்பு எழுதாமலிருப்பது தகாது என்று எனக்குத் தோன்றியது.

இவ்வாசகத்தைச் சார்ந்து நிற்பவர்கள் துணைக்கு அழைக்கும் சில்லறை வாதங்களை முதலில் தள்ளிவிடுகிறேன். கைத்துப்பாக்கிக் கூடுகள் நீள்வதில்லையே என்பார்கள்; .45 ஏ.சி.பி. போன்ற நேர்ச்சுவர்க் கூடுகள் நீளாமல் சிலவேளை குறுகவே செய்கின்றன என்பது மெய்தான் என்றாலும், பேச்சு ரைபிளைப் பற்றியது. சீவுவதால் இலக்குத் துல்லியம் கூடுவதில்லை என்பார்கள். துல்லியத்துக்காகச் சீவுகிறோம் என்று யார் சொன்னது? சீவச் சீவக் கூட்டின் ஆயுள் குறையும் என்பார்கள்; கூடு ஏன் நீள்கிறது என்பதையே யோசித்துப் பாராதவர்களின் வாதம் அது; அதற்குப் பின்னர் வருகிறேன்.

மூல வாதத்துக்கு வருவோம். போல்ட் மூடியது என்பது எதற்குப் பிரமாணம்? ரைபிளின் அறை, கூட்டின் வடிவையே அச்சாகக் கொண்டு எஃகில் குடையப்பட்ட ஒரு பள்ளம். கூட்டின் உடலுக்கு ஓரிடம், தோளுக்கு ஓரிடம், கழுத்துக்கு ஓரிடம் என்று அமைந்து, கழுத்தின் இடம் முடிந்தவுடன் ஒரு சரிந்த படியாகக் குறுகி, குண்டின் பருமனைவிடச் சற்றே பெரிதான துவாரமாக மாறி, அதன்பின் குழலின் முறுக்குவரிகளில் சென்று சேர்கிறது. உரிய நீளமுள்ள கூட்டின் வாய் அந்தப் படிக்குச் சற்று முன்பாகவே நின்றுவிடும். விசையை இழுத்ததும் மருந்து எரிந்து எழும் வாயு, ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குள் உச்ச அழுத்தத்தை எய்தும்போது, மென்மையான கழுத்து வெளிப்புறமாக விரிந்து குண்டின் பிடியைத் தளர்த்த, குண்டு தடையின்றி முன்னே செல்கிறது. அவ்வாறு விரிவதற்குக் கழுத்தைச் சுற்றிலும் இடம் இருந்தாக வேண்டும். நீண்டுபோன கூட்டின் வாயோ அந்தச் சரிந்த படியின்மேல் ஏறி, உட்புறமாக வளைந்து, சுருக்குப்பையின் வாயைக் கயிறு இழுத்து இறுக்குவதுபோலக் குண்டை இறுக்கிக்கொள்கிறது. சுற்றிலும் எஃகு, விரிய வழியில்லை. அந்நிலையில் மருந்து பற்றிக்கொண்டால், குண்டு விடுபடத் தாமதிக்குந்தோறும் அழுத்தம் தன் வரம்பைக் கடந்து ஏறுகிறது. .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தமே ஒரு சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு என்னும்போது, அதற்கு மேலும் ஏறுவது என்பதன் பொருளைச் சுடுபவரின் கன்னத்துக்கு அரை சாண் தூரத்தில்தான் போல்ட் இருக்கிறது என்ற நினைவோடு யோசித்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் நிகழ்வதற்கு முன்னால் போல்ட் மூடிவிடுகிறது என்பதே நான் வற்புறுத்த விரும்பும் விஷயம். மௌசர் 1898-ஆம் ஆண்டில் வகுத்த முறையையும், அதைப் பின்பற்றிய எண்ணற்ற வேட்டை ரைபிள்களின் முறையையும் கவனித்தால், கைப்பிடியைக் கீழே திருப்பும்போது, போல்டின் பூட்டுப் பற்கள் சரிவான பரப்புகளின்மேல் வழுக்கிச் சென்று, போல்டை முன்னோக்கித் தள்ளுவதைக் காணலாம். நீண்ட கைப்பிடியின் நெம்பும் பலமும் அந்தச் சரிவின் பலமும் ஒன்றுசேர்ந்து, விரல்களின் சாதாரண அழுத்தத்தைப் பன்மடங்காகப் பெருக்கித் தோட்டாவின் அடியில் செலுத்துகின்றன. அழுக்குப் படிந்த தோட்டாவும் சற்றே நசுங்கிய தோட்டாவும் போர்க்களத்தில் அறைக்குள் புகுந்தே தீரவேண்டும் என்பதற்காகவே அவ்வமைப்பு அவ்வாறு வகுக்கப்பட்டது. பொருந்தாததையும் பொருந்தச் செய்யும் பொருட்டு இயற்றப்பட்ட ஒரு பொறியைப் பொருத்தம் பார்க்கும் கருவியாக எடுத்துக்கொள்வதைவிட விபரீதமான யுக்தி வேறொன்று இருக்க முடியுமா? அரைத் தானியங்கி ரைபிள்களிலோ நிலைமை இன்னும் மோசம். 1936-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட கராண்டிலும், அதற்குப் பின்வந்த ஏ.ஆர். வகைகளிலும், சுருள்வில்லின் விசையால் போல்ட் தானே பாய்ந்து அறைந்து மூடிக்கொள்கிறது; கைக்கு எந்தத் தகவலும் வந்து சேர்வதே இல்லை.

"நீளம் மிஞ்சியிருந்தால் கைப்பிடியில் ஒரு தடை தெரியாதா?" என்று கேட்பார்கள். தெரியாது, அல்லது, தெரியும் என்று நம்பியிருக்கும் அளவுக்குத் தெரியாது. தோட்டாக்கூடு ஏறத்தாழ 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை. அதன் அடிப்பாகம் கடினமாகவும், கழுத்து வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டு மிருதுவாகவும் இருக்கும்படியே ஆலைகளில் செய்கிறார்கள்; ராணுவத் தோட்டாக்களின் கழுத்தில் காணப்படும் நீலமும் பழுப்பும் கலந்த நிறமாற்றம் அந்தப் பதத்தின் அடையாளம். வடித்து இழுத்த பித்தளையின் உள்ளே தங்கிவிடும் அழுத்தம் தணிக்கப்படாவிட்டால் என்ன நேரும் என்பதை உலகுக்கு உணர்த்தியதே நம் நாட்டு மழைக்காலந்தான் என்பதையும் இங்கே குறிப்பிடலாம். இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் ராணுவம், மழைமாதங்களில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்துவைத்து, பின்னர் எடுத்துப் பார்த்தபோது, குண்டை இறுக்கிப் பிடித்திருந்த இடங்களிலெல்லாம் கூடுகள் வெடித்திருக்கக் கண்டது. குதிரைகளின் மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவும் உலோகத்துள் எஞ்சிநின்ற அழுத்தமும் சேர்ந்து விளைத்த கேடு அது என்று மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் 1921-இல் விளக்கினார்கள். பித்தளை உயிரற்ற பொருள், செய்தபடியே கிடக்கும் என்று எண்ணுவோர் இதைச் சிந்திக்க வேண்டும். அப்படிப் பதப்படுத்தி மிருதுவாக்கிய கழுத்தின் விளிம்பை எஃகுப் படியின்மேல் வளைத்து மடக்க, மேற்சொன்ன நெம்புபலத்தோடு இயங்கும் கைக்கு எவ்வளவு முயற்சி வேண்டும்? மிக அற்பம். அதைத் தடை என்று உணர்வதற்குள் கைப்பிடி இறங்கிவிடும்.

அடுத்தது அனுபவ வாதம். "முப்பது வருஷமாக ஒரு கூட்டையும் சீவியதில்லை; ஒரு கேடும் வந்ததில்லை" என்று சொல்பவரை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். அவருடைய அனுபவம் அவருடைய ரைபிளின் அனுபவம். அறையைக் குடையும் ரீமர் புதிதாக இருக்கும்போது அறையைப் பெரிதாகவும், பலமுறை தீட்டித் தேய்ந்தபின் சிறிதாகவும் குடைகிறது. ஆகவே ஒரே ஆலையில் ஒரே பெயரோடு வெளிவரும் இரண்டு ரைபிள்களின் அறைகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. இவருக்கு வாய்த்த அறை நீளமானது. அந்த அதிர்ஷ்டத்தை விதியாக்கி, குறுகிய அறை வாய்த்த மற்றொருவனுக்கு உபதேசிப்பதற்கு அவருக்கு என்ன அதிகாரம் இருக்கிறது? பிரத்தியட்சம் பிரமாணந்தான். ஆனால் ஒரு துப்பாக்கியின் பிரத்தியட்சம் இன்னொரு துப்பாக்கிக்கு அனுமானமாகக்கூட ஆகாது.

நூல்களிற் காணும் அளவுகள் வக்கீல்களுக்குப் பயந்து எழுதப்பட்டவை என்ற பேச்சும் உண்டு. .308 வின்செஸ்டருக்கு 2.015 அங்குலம் மேல்வரம்பு, 2.005-க்குச் சீவுக; .30-06-க்கு 2.494 மேல்வரம்பு, 2.484-க்குச் சீவுக என்றவாறு அவை கூறுகின்றன. இந்த அளவுகளை நிர்ணயிக்கும் உற்பத்தியாளர் கழகம் 1926-இல் அமெரிக்க மத்திய அரசின் வேண்டுகோளின்படி அமைந்தது. கூட்டின் மிகப் பெரிய அளவும் அறையின் மிகச் சிறிய அளவும் ஒன்றோடொன்று மோதலாகாது என்பதே அதன் கணக்கின் அடிப்படை. ஒரு ஆலையின் தோட்டா இன்னோர் ஆலையின் துப்பாக்கியில் பத்திரமாக வெடிப்பது அந்தக் கணக்கினால்தான். அதே கணக்கை நம்பிக் கடையில் தோட்டா வாங்கிச் சுடுகிறவர், வீட்டுக்கு வந்ததும் அதை வக்கீல் பயம் என்று இகழ்வது நியாயமாகாது.

இனி, கூடு ஏன் நீள்கிறது என்பதற்கு வருகிறேன். இதை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். சுடும்போது கூட்டின் மெல்லிய முற்பகுதி விரிந்து அறையின் சுவரைப் பற்றிக்கொள்ள, தடித்த அடிப்பாகம் பின்னோக்கித் தள்ளப்பட்டுப் போல்டின் முகத்தில் மோதுகிறது. இரண்டுக்கும் இடைப்பட்ட இடம், அதாவது அடிக்குச் சற்று மேலுள்ள சுவர், இழுபட்டு மெலிகிறது. பிறகு அந்தக் கூட்டை டை என்னும் அச்சினுள் செலுத்தி நெரிக்கும்போது, பக்கங்களில் அமுக்கப்பட்ட உலோகம் வேறு போக்கின்றி மேல்நோக்கி ஒழுகிக் கழுத்தாக நீள்கிறது. (நெரிப்பதற்கு முன் எடுத்த அளவு செல்லாது என்பதற்கும் காரணம் இதுவே.) ஆகவே, கழுத்தில் மிகுந்து நிற்கும் பித்தளை எங்கிருந்தோ இலவசமாக வந்தது அன்று, இழுபட்டு மெலிந்த சுவரின் நஷ்டந்தான் வாயில் நீளமாக வந்து தெரிகிறது. சீவுவதால் ஆயுள் குறைகிறது என்பவர்கள் காரணத்தையும் காரியத்தையும் மாற்றிவைத்துப் பேசுகிறார்கள். ஆயுள் ஏற்கெனவே அடியில் குறைந்துவிட்டது. அதை அறிவிப்பதே மேலே காணும் நீளம்.

இதற்குக் கண்கண்ட உதாரணம் பிரிட்டிஷாரின் .303. விளிம்பு பிடித்து நிற்கும் அந்தத் தோட்டாவுக்கு லீ-என்ஃபீல்ட் ரைபிள்களில் அறையைத் தாராளமாகவே குடைந்திருந்தார்கள்; சேறும் மண்ணும் ஒட்டினாலும் தோட்டா புகவேண்டும், ஒருமுறை சுட்டபின் கூடு என்ன ஆனாலும் ராணுவத்துக்குக் கவலையில்லை. அந்த ரைபிளில் சுட்ட கூட்டை முழுநீளமும் நெரித்து மறுபடி மறுபடி நிரப்புகிறவர், சில சுற்றுகளுக்குள்ளேயே, அடியிலிருந்து சிறிது தூரத்தில் பளபளக்கும் வளையம் ஒன்று கூட்டைச் சுற்றி ஓடக் காண்பார். வளைத்த கம்பி ஒன்றின் நுனியை உள்ளே விட்டு உரசினால், அவ்விடத்தில் ஒரு பள்ளம் தட்டுப்படும். அடுத்த தடவை அடி தனியாகவும் உடல் தனியாகவும் பிரிந்து, முன்பகுதி அறைக்குள்ளேயே தங்கிவிடும். அழுத்தத்தோடு கூடிய வாயு பின்னோக்கிப் பீறிடுதலும் உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் நெரித்தபின் நீளத்தை அளந்து, மிகுந்ததைச் சீவி, எத்தனையாவது தடவை சீவுகிறோம் என்று குறித்துவைப்பவருக்கு இந்த அபாயம் முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. போல்ட் மூடுகிறதா என்று மட்டும் பார்க்கிறவருக்கு அது தெரிய மார்க்கமே இல்லை. மெலிந்த கூட்டின்மேலும் போல்ட் வெகு சுலபமாக மூடிக்கொள்ளும்.

நேரம் வீணாகிறது என்பது எஞ்சியிருக்கும் கடைசிப் புகார். நீளம் நிர்ணயிக்கப்பட்ட ஊசியோடு கூடிய கைக்கருவியில், கூட்டை இறுக்கி நாலு திருப்புத் திருப்பி, வாயின் உட்புறத்தையும் வெளிப்புறத்தையும் தொட்டாற்போல் சுரண்டிப் பிசிறு நீக்கிவிட்டால் வேலை முடிந்தது. மாலைநேரத்தில் பேச்சுக்குப் பேச்சாக நடக்கும் காரியம். அதற்கும் நேரமில்லை என்பவர்கள் மருந்தை நிறுத்து அளக்கும் வேலையை மட்டும் அவசரமில்லாமல் செய்வார்கள் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தங்கள் கூடுகளைச் சீவமாட்டோம் என்பவர்களைத் தடுக்க எனக்கு வழியில்லை. ஆனால் சுடுதளங்களிலும் துப்பாக்கிச் சந்தைகளிலும் பழைய கூடுகள் வாளி வாளியாகக் கைமாறுகின்றன. விலை மலிவு என்பதால் அவற்றை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் புதிதாகப் பழகும் இளைஞர்கள். கொடுப்பவர்கள் அந்த வாளிமேல் ஒரு சீட்டை ஒட்டி, எந்த ரைபிளில் எத்தனை முறை சுட்ட கூடுகள் அவை, கடைசியாக நெரித்தபின் நீளம் எவ்வளவு என்ற மூன்றையும் எழுதிவைக்கட்டும்; நீளத்தை அளந்ததே இல்லை என்றால், அளந்ததில்லை என்றே எழுதட்டும்.