இரண்டு வாத்தியங்கள் போதும்

கைகூடாத காதலை நினைந்து பாடும் பாடல்களை ஆங்கிலத்தில் ‘டார்ச் சாங்’ என்பார்கள். அணையாத காதலைக் கையில் ஏந்திய தீவட்டியாகக் காணும் வழக்கிலிருந்து பிறந்த பெயர். ஆர்தர் ஹாமில்டன் எழுதிய ‘க்ரை மீ எ ரிவர்’ இவ்வகையில் சற்று விலகி நிற்பது. இதில் பெண் புலம்பவில்லை. பிரிந்து சென்று, வருந்தித் திரும்பியவனை ஏற்க மறுக்கிறாள். மருதத்திணையின் வாயில் மறுத்தலைப் பயின்ற நமக்கு இத்தொனி புதிதன்று.

‘பீட் கெல்லிஸ் ப்ளூஸ்’ (1955) படத்தில் எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு பாடுவதற்கென எழுதப்பட்டுப் படத்தில் இடம்பெறாமற்போன பாடல் இது. அதே ஆண்டில் ஜூலி லண்டன் தமது முதல் இசைத்தட்டில் இதைப் பாடினார். பார்னி கெசலின் கிதார், ரே லெதர்வுட்டின் பாஸ்; வேறு வாத்தியம் இல்லை. தமது குரல் சிறியது என்பதை லண்டனே சொல்லியிருக்கிறார். ஆகவே ஒலிவாங்கியை ஒட்டி நின்று பாடினார். அந்தக் குறையே பாடலின் பொருளாயிற்று என்பது நம் எண்ணம். எதிரில் நிற்கும் ஒருவனுக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதுபோல் பாடுகிறாள். குரலை உயர்த்தும் அளவுக்குக்கூட அவனை மதிக்கவில்லை.

பின்வந்தோர் பலரும் இதனை மறந்தனர். 1963இல் தமது முதல் இசைத்தட்டைப் பார்பரா ஸ்ட்ரைசாண்ட் இப்பாடலோடுதான் தொடங்கினார். இருபது வயதுக் குரலின் ஆற்றல் வியக்கத்தக்கதே. ஆனால் அங்கே வெளிப்படுவது கோபம். கோபம் இருக்கும்வரை காதலும் எஞ்சியிருக்கிறது அல்லவா? 1970இல் ஜோ காக்கர் இதை ராக் இசையாக்கி, பெருங்குழுவோடு மேடையில் முழங்கினார். கொண்டாட்டம் உண்டு, வாயிலில் நிற்கும் அவன்தான் காணோம். 2009இல் மைக்கேல் புப்ளே சேர்த்த பேரிசையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. துப்பறியும் படத்தின் தொடக்கம் போலிருக்கிறது.

விதிவிலக்கு, பாடலுக்கு முதலில் உரியவராக இருந்த எல்லாவே. 1961இல் சிறு குழுவுடன் அவர் பாடியதில் ஏளனம் இல்லை, அயர்ச்சி இருக்கிறது. சொற்கள் அவையே, பெண் வேறொருத்தி. மூலத்தை மீறாமல் மறுபொருள் காணும் நல்ல உரையாசிரியரின் செயல் அது. லண்டனையும் எல்லாவையும் அடுத்தடுத்துக் கேட்க நண்பர்களைப் பரிந்துரைக்கிறோம், இயன்றால் இரவில்.