"நம்புனா போதுமாம், பாவம் போயிடுமாம்": இதை இனி ஃபார்வர்ட் பண்ணாதீங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

நம்ம கோயில் வாட்சாப் குழுவுல ஒரு செய்தி சுத்திக்கிட்டே இருக்கு. கிறிஸ்துவங்க எந்தப் பாவமும் செய்யலாமாம், ஏசுவை நம்பிட்டா சொர்க்கமாம். போன மாசம் அன்னதானத்துக்குக் காய் வெட்டும்போதும் இதே பேச்சு, ஒரே சிரிப்பு. பக்கத்துல வெங்காயம் உரிச்சிக்கிட்டிருந்த அம்மாவோட மகள் ஞானஸ்நானம் வாங்கினவள். அந்தம்மா தலை நிமிரலை. அதோட சேவைக்கும் வரலை. தொண்டர்கள் நாங்களும் அன்னைக்கு வாயைத் திறக்கலை. எங்க தப்புதான்.

மதமாற்றத்தை நாங்க எதிர்க்கிறோம். அதுக்காகப் பொய் சொல்ல முடியாது.

செயலால் அல்ல, விசுவாசத்தால்தான் மனிதன் கடவுள் முன் நீதிமான் ஆகிறான் என்பது பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தின் கருத்து. 1522-ல் மார்ட்டின் லூதர் அதை ஜெர்மனில் மொழிபெயர்த்தபோது, மூலத்தில் இல்லாத 'மட்டும்' என்ற சொல்லைச் சேர்த்தார். பெரிய சண்டை. 1547-ல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் அதை மறுத்தது. அதே பைபிளில் யாக்கோபு கடிதம் செயல் இல்லாத விசுவாசத்தை ஏற்கவே இல்லை. லூதரும் செயல் வேண்டாம்னு சொல்லலை. உண்மையான விசுவாசம் இருந்தா நற்செயல் தானா வரும், ஆனா அதைக் காட்டி இரட்சிப்பைக் கேட்க முடியாது என்றார். 1999-ல் லூத்தரன்களும் கத்தோலிக்கர்களும் இதில் பெரும்பகுதி ஒத்துப்போய்க் கையெழுத்தே போட்டாங்க. இதுல 'எந்தப் பாவமும் செய்யலாம்' எங்க இருக்கு?

நம்ம வைணவத்துல வடகலைக்குக் குரங்குக்குட்டி, தென்கலைக்குப் பூனைக்குட்டி. ஒண்ணு தாயைப் பிடிச்சுக்கும், இன்னொண்ணைத் தாயே கவ்விட்டுப் போகும். பூனைக்குட்டியைச் சோம்பேறின்னு யாராவது கிண்டல் பண்ணா சும்மா இருப்போமா? (அர்ச்சனைச் சீட்டு வாங்கிட்டா செஞ்சதெல்லாம் போயிடுமான்னு கவுன்டர்ல கேக்குறவங்களையும் நாங்க வாரா வாரம் பாக்குறோம்.)

நாம மறுக்க வேண்டிய இடம் வேற. ஏசு ஒருவர் வழியாத்தான் மீட்பு, இருக்கிறது ஒரே பிறவி என்கிறாங்களே, அங்க பேசுங்க. கர்மா, மறுபிறவி, சரணாகதி எல்லாம் நம்மகிட்ட இருக்கு. பைபிளை நல்லாப் படிச்ச பிள்ளை எதிர்ல உக்காந்தா ஃபார்வர்டைக் காட்டியா பதில் சொல்றது? சிரிச்சிட்டு எழுந்து போயிடும்.

வர்ற சனிக்கிழமை காய் வெட்ட ஆள் தேவை. அந்தம்மாவை நாங்களே வீட்டுக்குப் போய்க் கூப்பிடுறோம். வந்தாங்கன்னா, தயவுசெஞ்சு மகளைப் பத்தி யாரும் கிண்டிக் கேக்காதீங்க.