தொட்டியில பாசியா? மருந்தை எடுக்காதீங்க

பட்டணத்துல மீன் தொட்டி வச்சிருக்கிற சொந்தக்காரப் பிள்ளைங்க ஊருக்கு வந்தா கேக்குற கேள்வி இது: "தண்ணிச் செடி இலையெல்லாம் பாசி படிஞ்சு போச்சு சித்தப்பா, என்ன மருந்து ஊத்தலாம்?"

மருந்தே வேணாம்ங்கிறது என் கட்சி. புதுசா நட்ட நெல்லு வயல்லயும் இதே கதைதான். பயிர் இன்னும் மூடல, நிக்கிற தண்ணியில யூரியா, டிஏபி விழுது, மேல நல்ல வெயில். பாசி படராம என்ன செய்யும்? தண்ணியை வடிச்சுக் காயவிடுவோம். பயிர் தூர் கட்டி நிழல் விழுந்ததும் பாசி அடங்கிடும். சிலர் மயில்துத்தத்தைத் துணியில கட்டி வாய்மடையில போடுவாங்க. தொட்டியில அதைச் செஞ்சிடாதீங்க. தாமிரம் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். அதோட, பாசி மொத்தமா ஒரே நாள்ல செத்து அழுகினா தண்ணியில காத்து குறைஞ்சு மீனு மேல வந்து வாயைப் பிளக்கும்.

உங்க தொட்டிக்கு உரம் எது? மிஞ்சின தீனியும் மீன் கழிவும்தான். ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கிற அளவு போடுங்க. விளக்கு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் போதும். அழகுக்குன்னு நடுராத்திரி வரைக்கும் எரிய விடறாங்களே, அதான் பெரிய வினை. ஜன்னல் வெயிலுக்குத் திரை போடுங்க. வாரம் ஒருக்கா கால்வாசித் தண்ணி மாத்தணும். பாசி அப்பின பழைய இலையைக் கிள்ளிடுங்க, அது தேறாது. வேகமா வளர்ற செடி நாலு கூட வச்சா, பாசிக்குப் போற சத்தை அது இழுத்துக்கும்.

பலன் தெரிய மூணு நாலு வாரம் ஆகும். அதுவரைக்கும் கடைக்காரர் நீட்டுற பாட்டில் அவர் அலமாரியிலேயே இருக்கட்டும்.