100 மெகாபிக்சல் கேமரா மட்டும் போதுமா? மீடியம் ஃபார்மெட்டில் லென்ஸ்தான் ஏன் முக்கியம்?

2019-ல் ஃபியூஜிஃபிலிமின் ஜிஎஃப்எக்ஸ் 100 கேமரா வந்தபோது விலை சுமார் 10,000 டாலர். 2024-ல் 100எஸ் 2 மாடல் வந்தபோது அதன் விலை சுமார் 5,000 டாலர். கேமரா பாதி விலைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த 102 மெகாபிக்சலும் படத்தில் தெரியணும்னா, அது லென்ஸ் கையில்தான் இருக்கிறது.

அப்படி என்ன வித்தியாசம்?

ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36x24 மி.மீ. ஜிஎஃப்எக்ஸ் சென்சார் 43.8x32.9 மி.மீ. பரப்பளவில் சுமார் 1.7 மடங்கு. இத்தனைக்கும் இதன் பிக்சல் அளவு, 61 மெகாபிக்சல் ஃபுல் ஃப்ரேம் கேமராக்களில் உள்ள அதே அளவுதான். அப்போ லென்ஸுக்கு என்ன கூடுதல் வேலை? அதே கூர்மையை இன்னும் தள்ளியிருக்கும் மூலை வரைக்கும் கொடுக்கணும். விலையும் எடையும் கூடுவது இதனால்தான்.

பழைய லென்ஸ் போதாதா?

அடாப்டர் போட்டு ஃபுல் ஃப்ரேம் லென்ஸை மாட்டலாம். ஆனா பலவற்றில் மூலைகள் இருட்டடிக்கும். 35 மி.மீ. மோடுக்கு மாற்றினால் இருட்டு போய்விடும். கூடவே 102 மெகாபிக்சல் சுமார் 60 ஆகிவிடும். அப்புறம் பெரிய சென்சாருக்கு எதற்குக் காசு?

வாங்கும் முன் என்ன பார்க்கணும்?

* ஃபோக்கல் லென்த்: 0.79-ஆல் பெருக்கிப் பாருங்கள். 110 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃப்ரேமில் 87 மி.மீ. மாதிரி.

* அபர்ச்சர்: இதற்கும் அதே கணக்குதான். 110 மி.மீ. எஃப்/2 லென்ஸின் மங்கல், ஃபுல் ஃப்ரேமில் எஃப்/1.6 அளவுதான். பின்னணி மங்கல் மட்டும்தான் வேணும்னா, ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ. எஃப்/1.2 லென்ஸே அதைவிட அதிகம் தரும்.

* ஃப்ளாஷ்: ஜிஎஃப்எக்ஸ் 100 வரிசை பாடிகளின் ஷட்டர் 1/125 வினாடி வரைதான் ஃப்ளாஷோடு ஒத்துழைக்கும். ஹாசல்பிளாட் எக்ஸ்சிடி லென்ஸ்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால், பலவற்றில் 1/2000 வரை போகலாம். உச்சி வெயிலில் ஃப்ளாஷ் போட்டு எடுப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம்.

முக்கியமா, ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். ட்ரைபாடில் வைத்து, செங்கல் சுவரை நேராக எடுத்து, நான்கு மூலைகளையும் 100 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் மங்கலா இருந்தா, கேமராவை மறுபடி நேராக வைத்து இன்னொரு படம் எடுங்கள். அதே மூலை மறுபடியும் மங்கினால் சந்தேகம் அந்த லென்ஸ் மேலேதான்.

கேமரா பாடி சில வருஷத்தில் மாறும். நல்ல லென்ஸ் அடுத்த பாடியிலும் உழைக்கும்.