தாமதமின்றி

2020 நவம்பர் 6ம் தேதி மும்பை சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு மனு தாக்கலானது. மனுதாரர் ஏசு சபைப் பாதிரியார் ஸ்டான் சுவாமி, வயது 83. திருச்சி மாவட்டத்தில் பிறந்து ஜார்க்கண்ட் ஆதிவாசிகளிடையே பல ஆண்டுகள் பணியாற்றியவர். பீமா கோரேகான் வழக்கில் கைதாகி தலோஜா சிறையில் இருந்தார். பார்க்கின்சன் நோயால் கை நடுங்கியது; தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. கைதின்போது எடுத்துக்கொண்ட உறிஞ்சு குழலையும் மூடிபோட்ட குவளையையும் திருப்பித் தரும்படி கேட்டிருந்தார்.

பதில் சொல்ல தேசியப் புலனாய்வு அமைப்புக்கு 20 நாள் கிடைத்தது. நவம்பர் 26ல் பதில் வந்தது: அப்படி எதையும் நாங்கள் எடுக்கவில்லை.

யார் சொல்வது சரி என்பது இருக்கட்டும். ஒரு நோயாளி தண்ணீர் குடிப்பது எப்படி நீதிமன்ற விவகாரமாயிற்று? சட்டத்தில் வழியில்லையா?

இருக்கிறது. ஆங்கில வாசகங்களைத் தமிழாக்கிப் பிழைக்கிறவன் என்பதால் 1894ம் ஆண்டு சிறைகள் சட்டத்தின் 37வது பிரிவைக் கொஞ்சம் நிதானமாகவே படித்தேன். மருத்துவப் பணியாளரைப் பார்க்க விரும்பும் கைதிகள், உடலோ மனமோ சரியில்லாதவராகத் தோன்றும் கைதிகள் ஆகியோரின் பெயர்களைக் காவலர் தாமதமின்றி ஜெயிலரிடம் சொல்ல வேண்டும். ஜெயிலர் அதைத் தாமதமின்றி மருத்துவப் பணியாளரின் கவனத்துக்குக் கொண்டு போக வேண்டும். ஒரே பிரிவில் இரண்டு 'தாமதமின்றி'. கைதி வாய் திறந்து கேட்கக்கூட வேண்டாம்; பார்த்தால் தெரிந்தாலே போதும். வெள்ளைக்காரன் எழுதிய சட்டம் இது.

சுதந்திர இந்தியா இன்னும் மேலே போனது. சிறைக்குள் போவதாலேயே ஒருவர் அடிப்படை உரிமைகளை இழந்துவிடுவதில்லை என்று 1974லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1996ல் ராமமூர்த்தி வழக்கில், சிறைகளைப் பீடிக்கும் ஒன்பது பிரச்சினைகளில் ஒன்றாக உடல்நலப் புறக்கணிப்பைப் பட்டியலிட்டது. வெளியே உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரத்தில் உள்ளே இருப்பவருக்கும் சிகிச்சை வேண்டும் என்கின்றன 2015ல் ஐ.நா. ஏற்ற மண்டேலா விதிகள்.

பிறகு எங்கே இடிக்கிறது? நாள்பட்ட நோயின் இயல்பில். எலும்பு முறிந்தால் எவர் கண்ணுக்கும் தெரியும். சர்க்கரைக்காரருக்கு இன்சுலின் இரண்டு நாள் தவறினாலும், சிறுநீரக நோயாளிக்கு டயாலிசிஸ் ஒரு தடவை தள்ளிப்போனாலும் பக்கத்து அறைக்குக்கூடத் தெரியாது. வெளியே இருப்பவர் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவார். உள்ளே இருப்பவருக்கு டாக்டர் எழுதித் தர வேண்டும், அதிகாரி அனுமதிக்க வேண்டும், காவலுக்குப் போலீஸ் வர வேண்டும். போலீஸ் வராத நாளில் சிகிச்சை இல்லை. யாரும் மறுக்கவில்லை, தள்ளிப்போட்டார்கள், அவ்வளவுதான்.

நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிலிருந்து கவனிப்பவர் என மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் சொன்னார் வள்ளுவர். ஸ்டான் சுவாமிக்கு நான்காவது கூறாக இருந்தவர்கள் சக கைதிகள். சாப்பிடவும் குளிக்கவும் அவர்களே உதவினார்கள்.

நோயுற்றவருக்கும் தளர்ந்தவருக்கும் ஜாமீனில் சலுகை தரலாம் என்று பொதுக் குற்றவியல் சட்டம் சொல்கிறது. அவர்மீது பாய்ந்த சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை. 2021 மார்ச்சில் ஜாமீன் மறுக்கப்பட்டது. மே 28ல் உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் தனியார் மருத்துவமனைக்கு மாற்றினார்கள். ஜூலை 5ல் இறந்தார். அன்று அவரது ஜாமீன் மனு விசாரணைக்கு வந்தபோது, நீதிபதிகளிடம் மருத்துவர் சொன்னது அந்தச் செய்தியைத்தான்.

அதே வழக்கில் கைதான தெலுங்குக் கவிஞர் வரவர ராவுக்கு, அரசியல் சட்டத்தின் 21வது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையைச் சொல்லி 2021 பிப்ரவரியில் மும்பை உயர் நீதிமன்றம் மருத்துவ ஜாமீன் தந்தது. ஆக, கதவு இருக்கிறது. அது எப்போது திறக்கும் என்பதுதான் உயிர்ப் பிரச்சினை.

இது பிரபலங்களின் கதை மட்டுமல்ல. 2022 முடிவில் நம் சிறைகளில் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், குற்றம் நிரூபிக்கப்படாதவர்கள். அந்த ஆண்டு சிறைகளில் 'இயற்கை மரணம்' அடைந்தவர்கள் 1,773 பேர். நோயும் முதுமையும் அந்தத் தலைப்புக்குள் அடக்கம். சிகிச்சை தாமதமானதால் வந்த சாவுக்கு அந்தப் பட்டியலில் தனிப் பத்தி கிடையாது.

உங்கள் உறவினரோ தெரிந்தவரோ உள்ளே இருந்தால், வாயால் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். மருந்துச் சீட்டு நகலை இணைத்து, சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுதிக் கொடுங்கள். காவலில் உள்ள எவருக்கும் இலவச சட்ட உதவி பெற 1987ம் ஆண்டுச் சட்டத்தில் உரிமை உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். எல்லாக் கடிதத்திலும் தேதி போட்டு, ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். தாமதத்தை நாளைக்கு நிரூபிக்க அந்தத் தேதிதான் சாட்சி.